தொடுவுணர்வு மவுஸ்

கர்சர் இலக்கைத் தொட்டுவிட்டதை அதிர்வாகவோ இழுவிசையாகவோ கைக்கு உணர்த்தும் மவுஸ். கண் தனியாகப் பார்த்துவந்த வேலையை விரலும் பகிர்ந்துகொள்வதே இதன் அடிப்படை.

இலக்கு தொலைவாகவும் சிறிதாகவும் ஆக ஆக, அதை எட்டும் நேரம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் சூத்திரமாக்கினார். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு 1960-களில் உருவாக்கிய மவுஸுக்கும் அது பொருந்துவதை 1978-இல் ஜெராக்ஸ் ஆய்வாளர்கள் காட்டினர். இதற்கிடையே 1967-இல், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் புரூக்ஸ், மூலக்கூறுகளின் விசையைக் கையால் உணரவைக்கும் ‘குரோப்’ திட்டத்தைத் தொடங்கினார்.

மவுஸுக்கே தொடுவுணர்வு தரும் முயற்சியில் அதிகம் பேசப்படுவது ஜப்பானில் மோட்டோயுகி அகமட்சு தம் கூட்டாளிகளுடன் 1990-களின் முற்பாதியில் செய்த பணி. அவர்களுடைய மவுஸின் இடது பொத்தானில் ஒரு சிறு துளை உண்டு. கர்சர் இலக்கினுள் நுழைந்ததும், சோலினாய்டு என்னும் மின்சுருள் இயக்கும் சிறு கம்பி அத்துளை வழியே எழும்பி விரல் நுனியை முட்டும். மவுஸினுள் ஒரு மின்காந்தமும் இருந்தது. அடியில் இரும்புப் பலகை. மின்சாரம் பாய்ந்ததும் மவுஸ் பலகையைப் பற்றிக்கொள்ள, கை சற்றுக் கனக்கும். எளிய பாகங்களைக் கொண்டு எட்டிய இந்த நுட்பம் இன்றும் வியக்கத்தக்கது.

அகமட்சு, கனடாவின் ஸ்காட் மெக்கென்சி, பிரான்சின் தியரி ஹாஸ்ப்ரூக் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஐந்து நிலைகளை ஒப்பிட்டது: வழக்கமான திரை, ஒலி, நிறமாற்றம், தொடுவுணர்வு, கடைசி மூன்றும் சேர்ந்தது. மொத்த நேரத்திலோ தவறுகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கர்சர் இலக்கினுள் நுழைந்தது முதல் பொத்தானை அழுத்தும் வரையிலான கடைசிக் கணங்களில் தொடுவுணர்வே முந்தியது. வழக்கமான திரை கடைசியில் நின்றது. வழக்கமான திரையில் பங்கேற்றோரின் அழுத்தங்கள் குறுகிய பரப்பில் குவிந்தன. விரலில் கம்பி முட்டியபோதோ, அவை இலக்கின் அகலமெங்கும் பரவின. உள்ளே வந்துவிட்டோம் என்று விரல் சொன்ன பிறகு நடுப்புள்ளியைத் தேட வேண்டியிருக்கவில்லை எனலாம்.

இந்த ஆதாயம் அன்றாடப் பயன்பாட்டிலும் கிடைக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வகத் திரையில் இலக்கு ஒன்றே. உண்மையான திரையிலோ, போகும் வழியிலுள்ள ஒவ்வொரு ஐகானும் கையைத் தட்டினால், உதவியே இடைஞ்சலாகிவிடலாம். பயனர் எதை நாடுகிறார் என்பதைக் கணினி முன்கூட்டியே ஊகித்தால் இது தீரும் என்பது ஒரு சாராரின் வாதம்.

லாஜிடெக் நிறுவனம், இம்மர்ஷன் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1999-இல் ‘விங்மேன்’ விசை மவுஸையும், அடுத்த ஆண்டு அதிரும் ‘ஐஃபீல்’ மவுஸையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்னது தன் பலகையோடு பிணைக்கப்பட்டிருந்ததால் அதைத் தூக்கி நகர்த்த முடியாது. இரண்டுமே பரவலாகவில்லை. ஆயினும் இதே கருத்து வேறு வடிவில் தொடர்கிறது: 2015 முதல் ஆப்பிள் மடிக்கணினிகளில் அசையாத டச்பேடு, அதிர்வின் மூலம் அழுத்திய உணர்வைத் தருகிறது.