சிவப்புப் புள்ளி: ஒரு நம்பிக்கையின் வரலாறு

பப்ஜி விளையாடும் எந்தப் பையனைக் கேட்டாலும் 'ரெட் டாட்' என்றால் என்னவென்று உடனே சொல்லிவிடுவான். துப்பாக்கியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியை எதிரியின் மேல் வைத்துச் சுட வேண்டும், அவ்வளவுதான். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். நம்மில் பெரும்பாலோர் நிஜத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததே இல்லை. ஆனால் அந்தப் புள்ளியை மட்டும் நன்றாகத் தெரியும்.

'அது லேசர்தானே?' என்று பலர் கேட்பார்கள். இல்லை. லேசர் ஒளி போய் இலக்கின் மேல் விழும். இந்தப் புள்ளி எங்கேயும் போய் விழுவதில்லை, சுடுபவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். இலக்கின் மேல் இல்லாத ஒன்றை இலக்கின் மேல் இருப்பதாகக் கண் எப்படி நம்புகிறது? இந்தக் கருவியின் வரலாறே அந்தக் கேள்விதான்.

பழைய துப்பாக்கியில் இரும்பாலான இரண்டு குறிகள் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று, குழலின் முனையில் ஒன்று. இவை இரண்டும் இலக்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். சிக்கல் என்னன்னா, மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இலக்கைப் பார்த்தால் குறி மங்கும், குறியைப் பார்த்தால் இலக்கு மங்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு குறிகளுக்கும் இடையே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டரில் தோட்டா 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

இதற்கு வழி சொன்னவர் ஆயுத வியாபாரி அல்ல, தொலைநோக்கி செய்பவர். டப்ளின் நகரத்தின் ஹோவர்ட் கிரப். வியன்னா வானாய்வகத்தின் 27 அங்குலத் தொலைநோக்கி அவர் பட்டறையில் உருவானது. பிற்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பெரிஸ்கோப்பும் செய்தார். 1900இல் புதுவகைத் துப்பாக்கிக் குறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

நெடுஞ்சாலையில் இரவில் போகும்போது நிலா நம் கூடவே வருவது போல் தெரியும். சாலையோர மரங்கள் பின்னால் போகும், நிலா போகாது. காரணம், அது அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. அதன் ஒளிக்கதிர்கள் கிட்டத்தட்ட இணையாகவே நம் கண்ணுக்கு வருகின்றன. கிரப் இதைத்தான் துப்பாக்கிக்குள் கொண்டு வந்தார். ஒளியூட்டிய ஒரு குறியை லென்ஸின் குவியப் புள்ளியில் வைத்தால், அதிலிருந்து வெளியேறும் கதிர்கள் இணையாகிவிடும். குறி கையருகே இருந்தாலும் முடிவிலியில் இருப்பது போல் தெரியும். பாதி பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்றின் வழியே அதைக் காட்டினால் இலக்கும் குறியும் ஒரே தெளிவில் தெரியும். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் குறி இலக்கை விட்டு நகராது.

யோசனை 1900இலேயே முழுமையாக இருந்தது. இல்லாதது விளக்கு. கையில் தூக்கும் துப்பாக்கியில் அப்போது எங்கே மின்சாரம்? அதனால் அது முதலில் போய்ச் சேர்ந்த இடம் விமானம். அங்கே மின்சாரம் உண்டு. விமானியின் தலை ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் தேவையும் அங்கேதான் அதிகம். 1918இல் ஜெர்மானியர்கள் ஓய்கே நிறுவனத்தின் குறியைப் போர் விமானங்களில் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானிகளின் கண்முன் இருந்தது கிளாஸ்கோவின் பார் அண்ட் ஸ்ட்ரவுட் நிறுவனத்தின் ஜிஎம் 2. எதிரி விமானத்தின் இறக்கை நீளத்தையும் தூரத்தையும் அதில் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம்.

கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் அந்த விளக்கு வர இன்னும் காலம் ஆனது. 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் எல்இடியைச் செய்தார். அது சிவப்பு. புள்ளி சிவப்பானதற்கு அதுவே தொடக்கம். அந்தச் சிவப்பை மட்டும் பிரதிபலித்து மற்ற நிறங்களை உள்ளே விடும்படி கண்ணாடிக்குப் பூச்சு கொடுக்கலாம். இப்படிப்பட்ட கண்ணாடி வழியே பார்த்தால் உலகம் லேசாக நீலம் பாய்ந்து தெரிவது இதனால்தான். 1972இல் லிட்ரோனிக்ஸ் நிறுவனம் பினாங்கு பாயான் லெப்பாசில் எல்இடி தொழிற்சாலையைத் தொடங்கியது. நம் ஊர்ப் பெண்கள் நுண்ணோக்கியில் குனிந்து வேலை பார்த்த அதே பத்தாண்டில், 1974இல், ஸ்வீடனில் எய்ம்பாயிண்ட் தொடங்கப்பட்டது. 1975இல் முதல் மின்னணுப் புள்ளிக் குறி விற்பனைக்கு வந்தது. அது வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

அதற்கு முன்பே, மின்சாரம் இல்லாமல் ஒரு புள்ளி போருக்குப் போயிருக்கிறது. சிங்கிள்பாயிண்ட் என்ற அந்தக் குழலுக்குள் பார்த்தால் வெளியே எதுவும் தெரியாது, புள்ளி மட்டும் தெரியும். ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், இன்னொரு கண் இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒட்டிக்கொள்ளும். 1970 நவம்பர் 21 அதிகாலையில் வட வியட்னாமின் சோன் தாய் சிறை முகாமில் அமெரிக்க வீரர்கள் 56 பேர் போர்க்கைதிகளை மீட்க இறங்கினார்கள். இரவுப் பயிற்சியில் குறி தவறிக்கொண்டே இருந்ததால் இந்தக் குறிகளை வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். குறிகள் வேலை செய்தன. ஆனால் முகாமில் ஒரு கைதி கூட இல்லை. ஜூலையிலேயே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். தோட்டா எங்கே போகும் என்பதற்கு மட்டுமே புள்ளியிடம் பதில் உண்டு. போக வேண்டிய இடம் அதுதானா என்பது வேறு கேள்வி.

1997இல் அமெரிக்க ராணுவம் எய்ம்பாயிண்டின் குறியை எம்68 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. அதன்பின் நடந்தது பெரும்பாலும் பேட்டரியின் கதை. காம்ப் எம்2 ஒரு பேட்டரியில் 10,000 மணி நேரம் ஓடும் என்றது நிறுவனம். காம்ப் எம்4க்குச் சொன்னது 80,000 மணி நேரம். எட்டு வருஷத்துக்கு மேல் அணைக்காமலே வைத்திருக்கலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் எதைப் பார்ப்பார்? முதலில் புள்ளியின் அளவு. அதை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு எம்ஓஏ 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். 4 எம்ஓஏ புள்ளி சட்டென்று கண்ணில் படும், ஆனால் தூர இலக்கில் 11 சென்டிமீட்டருக்கு மேல் மறைத்துவிடும். 2 எம்ஓஏ துல்லியம் தரும், தேடிப் பிடிக்க ஒரு நொடி கூடலாம். அடுத்து, திறந்த கண்ணாடியா மூடிய குழலா? திறந்தது எடை குறைவு, ஆனால் எல்இடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு துளி மழைநீரோ சேறோ விழுந்தால் புள்ளி சிதறிவிடும். கருவிழி வளைவில் குறை உள்ளவர்களுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைத்த நட்சத்திரம் மாதிரி தெரியும். பேரலாக்ஸ் அறவே இல்லை என்ற விளம்பரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கண் கண்ணாடியின் ஓரத்துக்குப் போகும்போது, முக்கியமாகப் பக்கத்து இலக்கில், சிறு பிழை வரத்தான் செய்யும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. இரும்புக் குறியில் தவறு நடந்தால் அது கண்ணுக்குத் தெரியும். முன்குறி கோணலாக இருக்கிறது, நாமே பார்க்கிறோம், திருத்துகிறோம். சிவப்புப் புள்ளியில் அப்படி இல்லை. உள்ளே ஏதாவது நகர்ந்திருந்தாலும் புள்ளி அதே அழகோடு இலக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். கண் செய்த சோதனையை நாம் கருவியிடம், அதாவது அதைச் செய்தவர்களிடம், ஒப்படைத்துவிட்டோம்.

அது என்ன ஆகும் என்பதை 2015இல் உலகம் பார்த்தது. இயோடெக் செய்வது எல்இடி புள்ளி அல்ல, அதன் நெருங்கிய உறவு. லேசரும் ஹோலோகிராமும் சேர்ந்த குறி. அமெரிக்கப் படைகளும் எஃப்பிஐயும் அதைப் பயன்படுத்தின. கடுங்குளிரிலும் ஈரப்பதத்திலும் அது சொன்னபடி வேலை செய்யவில்லை, வெப்பம் மாறினால் குறிவைத்த புள்ளியே நகர்கிறது, இது நிறுவனத்துக்குப் பல வருஷங்களாகத் தெரியும் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. எஃப்பிஐ தானாகவே அந்தக் குறையைக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகுதான் நிறுவனம் வாய் திறந்தது என்பது அரசுத் தரப்பின் வாதம். நவம்பரில் 2 கோடியே 56 லட்சம் டாலர் கொடுத்து வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

நானும் பொறியாளன் என்பதால் இதில் என்னை உறுத்துவது இயற்பியல் அல்ல. வெப்பத்தில் லேசரின் அலைநீளம் மாறும், அதை ஈடுகட்ட வேண்டும் என்பது பாடப்புத்தக விஷயம். குறை இல்லாத கருவி உலகத்தில் கிடையாது. குறையை அளந்து, எழுதி, பயன்படுத்துபவரிடம் சொல்வதுதான் எங்கள் வேலையின் பாதி. டேட்டா ஷீட்டில் இருக்கும் ஒரு எண்ணை நம்பி யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார். அது துப்பாக்கியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. லிஃப்டாக இருக்கலாம், கார் பிரேக்காக இருக்கலாம், மருத்துவமனையில் சொட்டும் மருந்தை அளக்கும் பம்பாக இருக்கலாம்.

ராணுவங்கள் இதை ஒருவாறு புரிந்தே வைத்திருக்கின்றன. எம்68 பொருத்திய ரைஃபிள்களிலும் மடக்கி வைக்கும் இரும்புக் குறி ஒன்று கூடவே இருந்தது. பேட்டரி செத்தால் உதவும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதை நிமிர்த்திப் பார்த்தால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று வீரர் தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.