ஜோன் அடம்ஸும் பிரெஞ்சுச் சமாதானமும்

1799ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 18ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் அன்றைய தலைநகராகிய பிலதெல்பியாவிலே செனற் சபை கூடியிருந்தது. சனாதிபதி ஜோன் அடம்ஸிடமிருந்து சுருக்கமான செய்தியொன்று அச்சபைக்கு வந்தது. ஒல்லாந்தில் அமெரிக்கத் தூதுவராயிருந்த வில்லியம் வான்ஸ் மறே என்பவரைப் பிரான்சுடன் சமாதானம் பேசும் ஸ்தானிகராக நியமிக்கத் தாம் விரும்புவதாக அடம்ஸ் அதிலே தெரிவித்திருந்தார். செய்தியைக் கேட்ட அவருடைய சொந்தக் கட்சியினர் திகைத்துப் போயினர். அமைச்சர்களிடம் அவர் ஒரு வார்த்தையேனும் கலந்தாலோசித்திருக்கவில்லை. நாடோ பிரான்சுக்கெதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாள்களுக்கு முன்னர்தான், மேற்கிந்தியத் தீவுக் கடலில் 'கொன்ஸ்ரலேஷன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் பிரெஞ்சுப் போர்க்கப்பலொன்றைப் பொருது கைப்பற்றியிருந்தது. அவ்வெற்றிச் செய்தி இன்னும் தலைநகரை எட்டவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. 1778ஆம் ஆண்டில் பிரான்சு செய்துகொண்ட நட்புடன்படிக்கையும், 1781இல் யோர்க்ரவுணிலே பிரித்தானியச் சேனை சரணடைவதற்குத் துணைநின்ற பிரெஞ்சுக் கடற்படையும் இல்லாதிருந்தால், அமெரிக்கர் சுதந்திரம் பெறுதல் மிக அரிதாகவே இருந்திருக்கும். ஆயின் 1793இல், அரசனைக் கொன்று குடியரசாக மாறிய பிரான்சு பிரித்தானியாவுடன் போரில் இறங்கிற்று. அப்போரின் அலைகள் எட்டாத கடல் இல்லை எனலாம். ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கையின் கரையோரப் பகுதிகள் 1796இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் அப்போரின் விளைவேயாகும். அமெரிக்கா என்ன செய்வது? பழைய நண்பனுக்கு உதவுவதா, வாணிகத்தின் பெரும்பகுதி எந்நாட்டுடன் நடைபெறுகின்றதோ அந்நாட்டைப் பகையாதிருப்பதா? வாஷிங்டன் நடுநிலைமையைப் பிரகடனஞ் செய்தார். கடற்படை என்று சொல்லத்தக்க ஒன்று அவரிடம் அப்பொழுது இருக்கவில்லை.

இக்கேள்விதான் அமெரிக்காவில் இரு கட்சிகளை எதிரெதிரே நிறுத்தியது. ஹமில்டன் தலைமையிலே நின்றவர்கள் சமஷ்டிவாதிகள் எனப்பட்டனர். சமஷ்டி என்றதும் மாகாணங்களின் உரிமையே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் அங்கே அப்பெயரைச் சூடிக்கொண்டவர்கள் வலிமைமிக்க மத்திய அரசை வேண்டியவர்கள் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். அவர்கள் பிரித்தானியாவின் பக்கஞ் சாய்ந்தனர். ஜெபர்சனையும் மடிசனையும் பின்பற்றிய குடியரசுவாதிகள் பிரான்சின் பக்கஞ் சாய்ந்தனர். ஒருவரை மற்றவர் அந்நியரின் கையாள் என்று ஏசுவது நாள்தோறும் பத்திரிகைகளில் நிகழ்ந்தது. 1794இல் ஜோன் ஜே இலண்டனிற் செய்த உடன்படிக்கையைச் செனற் சபை 20க்கு 10 என்ற கணக்கில், வேண்டிய மூன்றிலிரண்டு பங்கை மயிரிழையில் எட்டி, ஏற்றுக்கொண்டது. பிரான்சு அதனைத் துரோகமெனக் கருதி அமெரிக்க வாணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியது. 1797இன் நடுப்பகுதிக்குள் 300க்கு மேற்பட்ட கப்பல்கள் பறிபோயின.

அந்த ஆண்டிலேதான் அடம்ஸ் பதவியேற்றார். அவருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகள் 71; ஜெபர்சனுக்கு 68. அன்றைய யாப்பின்படி இரண்டாவதாக வந்தவரே உப சனாதிபதி. ஆகவே எதிர்க்கட்சியின் தலைவரே செனற் சபையின் ஆசனத்தில் வீற்றிருந்தார். அமைச்சர்களோ வாஷிங்டன் விட்டுச்சென்றவர்கள். அவருள் முக்கியமானோர் அடம்ஸைக் கேட்பதற்கு முன் ஹமில்டனைக் கேட்டு நடப்பவர்கள். ஹமில்டன் அப்பொழுது நியூயோர்க்கில் ஒரு வழக்கறிஞர். அரசாங்கத்தில் எப்பதவியும் வகிக்கவில்லை.

அடம்ஸ் முதலிற் பேச்சுவார்த்தையையே நாடினார். பிங்க்னி, மார்ஷல், கெரி என்னும் மூவர் பாரிஸ் நகரை அடைந்தனர். பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் தலேரான் அவர்களை முறைப்படி வரவேற்கவில்லை. தம்முடைய ஆட்கள் சிலரைத் தனித்தனியே அனுப்பினார். பேச்சுத் தொடங்குவதாயின் அமைச்சருக்கு 50,000 பவுண் கையூட்டாகவும், பிரெஞ்சு அரசுக்குப் பெருந்தொகையொன்று கடனாகவும் தரவேண்டும் என்றனர் அவர்கள். அக்கால ஐரோப்பிய அரசவைகளிலே கையூட்டு என்பது எவரும் கேள்விப்படாத புதுமையன்று. தூதுவர்களை உண்மையில் தடுத்து நிறுத்தியது கடன் என்ற கோரிக்கையே எனலாம். போரில் ஈடுபட்ட ஒரு நாட்டுக்குப் பணம் கொடுத்தால் நடுநிலைமை எங்கே நிற்கும்?

1798 ஏப்ரிலில் தூதுவர்களின் கடிதங்கள் காங்கிரஸின் முன் வைக்கப்பட்டன. இடைத்தரகர்களின் பெயர்களுக்குப் பதிலாக எக்ஸ், வை, இஸட் என்ற எழுத்துகள் இடப்பட்டிருந்தன. அவற்றை வெளியிடுமாறு வற்புறுத்தியவர்களுள் குடியரசுவாதிகளும் இருந்தனர். அடம்ஸ் ஏதோ மறைக்கின்றார் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். வெளிவந்தபின் அவர்களால் வாய் திறக்க இயலவில்லை. நாடு பொங்கியெழுந்தது. அதுவரை அதிகம் விரும்பப்படாத அடம்ஸ் ஒரே மாதத்தில் மக்களின் வீரராகிவிட்டார். அப்புகழ்ச்சி அவருக்கும் இனித்தது என்பதை மறுப்பதற்கில்லை. இராணுவ உடையணிந்து இடையில் வாளும் தொங்க அவர் பொதுமக்கள் முன் தோன்றினார். கடற்படைக்கெனத் தனி இலாகா அமைந்தது. 1778ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் செல்லாவென்று காங்கிரஸ் அறிவித்தது. போர் மாத்திரம் பிரகடனப்படுத்தப்படவில்லை.

அந்தக் கொதிப்பிலே பிறந்தவைதாம் அந்நியர் சட்டங்களும் இராசத்துரோகச் சட்டமும். அரசாங்கத்தைப் பற்றியோ சனாதிபதியைப் பற்றியோ அவதூறாக எழுதியோருக்கு 2,000 டொலர் வரை தண்டமும் ஈராண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்றது அச்சட்டம். வேர்மொன்ற் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் மத்தியூ லையன் அதன்படி நான்கு மாதம் சிறையிலிடப்பட்டார். சிறைக்குள் இருந்தபடியே மீண்டும் தேர்தலில் வெற்றி பெற்றார். இச்சட்டங்களில் அடம்ஸ் கையொப்பமிட்டார். அவருடைய பெயருக்கு ஏற்பட்ட இந்தக் கறையை எந்த வரலாற்றாசிரியராலும் கழுவிவிட முடியாது.

படையும் பெருகியது. வாஷிங்டன் முதிய வயதிலே மீண்டும் தளபதியாக அழைக்கப்பட்டார். ஹமில்டனை இரண்டாம் இடத்தில் அமர்த்தினாலன்றித் தாம் அப்பொறுப்பை ஏலாரெனவும் உணர்த்தினார். அடம்ஸ் மனமின்றி இணங்கினார். தளபதி தம் இல்லத்தை விட்டு அகலாத முதியவர் ஆதலால், படை உண்மையில் ஹமில்டனின் கையில் இருந்தது. ஸ்பானியருக்குரிய புளோரிடாவையும் லூசியானாவையும் கைப்பற்றும் எண்ணம் ஹமில்டனுக்கு உண்டு. அடம்ஸுக்கோ கேள்வி வேறாக இருந்தது: இப்படை யாருடன் போரிடப் போகின்றது? 1798 ஆகஸ்டில் நெல்சன் நைல் நதிமுகத்திலே பிரெஞ்சுக் கடற்படையை அழித்துவிட்டார். பிரெஞ்சுச் சேனை அமெரிக்கக் கரைக்கு வருவதிலும் பார்க்க விண்ணுலகத்தில் தோன்றுவது எளிது என்ற பொருள்பட அடம்ஸ் தம் யுத்த அமைச்சருக்கு எழுதினார். படைச்செலவுக்காக விதிக்கப்பட்ட நிலவரியும் வீட்டுவரியும் பென்சில்வேனியாவில் கலகத்தை விளைத்தன. இதற்கிடையில், அமெரிக்கத் தூதுவர் வந்தால் மரியாதையுடன் ஏற்கப்படுவார் என்ற உறுதி தலேரானிடமிருந்து ஒல்லாந்து வழியாக வந்து சேர்ந்தது. பேர்லினில் தூதுவராயிருந்த அடம்ஸின் மகனும் பிரான்சு இறங்கி வருகின்றதென்றே எழுதியிருந்தார்.

பெப்ரவரிச் செய்தியின் பின்னணி இதுவே. தடுக்க முடியாத கட்சியினர் ஒருவருக்குப் பதிலாக மூவரை அனுப்பச் செய்தனர். பின்னர் அம்மூவரின் பயணத்தையும் மாதக்கணக்கில் இழுத்தடித்தனர். அடம்ஸ் குவின்சியிலுள்ள தம் வீட்டிற்குச் சென்று ஏழு மாதம் தங்கியது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. அது அவருடைய பெருந்தவறு என்றே சொல்லவேண்டும். மஞ்சட்காய்ச்சலுக்கு அஞ்சி அரசாங்கம் ட்ரென்ரனுக்கு இடம் மாறியிருந்த ஒக்ரோபர் மாதத்தில் அவர் நேரிற் சென்றார். ஹமில்டனும் அங்கு வந்து நெடுநேரம் வாதாடினார். அடம்ஸ் அசையவில்லை. நவம்பர் 3ஆந் திகதி தூதுவர்கள் கப்பலேறினர். அடுத்த ஆண்டு மே மாதம் மக்ஹென்றி, பிக்கரிங் என்னும் இரு அமைச்சர்களும் பதவியிழந்தனர்.

தூதுவர்கள் சென்றடைந்தபொழுது பிரான்சை ஆண்டவர் நெப்போலியன். 1800 செப்டெம்பர் 30ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாகியது. பழைய நட்புடன்படிக்கைக்கு முடிவு வந்தது. கைப்பற்றப்பட்ட வாணிகக் கப்பல்களுக்குரிய இழப்பீடு ஈற்றில் கைவிடப்பட்டது. கப்பலுடையோரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அவ்வழக்குத் தீரவில்லை. அதனை விசாரிக்க ஒரு நீதிமன்றத்துக்குக் காங்கிரஸ் அதிகாரமளித்தது 1885ஆம் ஆண்டிலேயே.

சமாதானச் செய்தி தேர்தலுக்கு உதவும் காலத்தில் வந்து சேரவில்லை. ஹமில்டன் தம் கட்சியின் சனாதிபதியையே தாக்கி 54 பக்கச் சிறுநூலொன்றை எழுதினார். ஜெபர்சனும் பேரும் 73 வாக்குகள் வீதம் பெற, அடம்ஸ் 65 வாக்குகளுடன் தோற்றார். சமாதானமே அவரை வீழ்த்திற்று என்று துணிந்து கூறவியலாது. நியூயோர்க்கின் 12 வாக்குகள் மே மாதத்திலேயே குடியரசுவாதிகளுக்கு உறுதியாகிவிட்டன. தென்மாநிலங்களின் அடிமைகளுள் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கிற் சேர்த்ததால் ஜெபர்சனுக்குக் கூடுதல் வாக்குகள் கிடைத்தன என்பதும் உண்மை. எனினும் தம் கட்சி இரண்டாகப் பிளக்குமென அறிந்தே அடம்ஸ் அக்காரியத்தைச் செய்தார்.

உடன்படிக்கை கைச்சாத்தான மறுநாள், ஒக்ரோபர் 1ஆந் திகதி, ஸ்பெயின் லூசியானாவை இரகசியமாகப் பிரான்சுக்குக் கொடுக்க இசைந்தது. பிரான்சுடன் போர் நீடித்திருந்தால், அமெரிக்காவின் மேற்கெல்லையிலே நெப்போலியன் பகைவராக வந்து நின்றிருப்பார். நடந்ததோ வேறு. 1803இல் அப்பரந்த நிலப்பரப்பு முழுவதையும் ஜெபர்சனின் அரசாங்கம் ஏறத்தாழ 15 மில்லியன் டொலருக்கு வாங்கிற்று.

1801 மார்ச் 4ஆந் திகதி, ஜெபர்சன் பதவியேற்ற நாளன்று, விடியுமுன்னரே அடம்ஸ் வண்டியேறி வாஷிங்டன் நகரை விட்டுச் சென்றுவிட்டார். பதினான்கு ஆண்டுகளின் பின், எண்பதை நெருங்கிய வயதில், நண்பரொருவருக்கு அவர் கடிதம் எழுதினார். தம் கல்லறைக்கு வேறெந்த வாசகமும் வேண்டியதில்லை என்றும், 1800ஆம் ஆண்டிலே பிரான்சுடன் சமாதானஞ் செய்யும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்ட ஜோன் அடம்ஸ் இங்கே துயில்கின்றான் என்பது மாத்திரம் பொறிக்கப்பட்டாற் போதும் என்றும் அதிலே குறிப்பிட்டிருந்தார்.