செயலிப் பழுதறிதல்
புதிதாகப் பொருத்திய கணினிச் செயலி கெட்டதா என்று கண்டறியும் முறை. விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடந்தால் செயலியை உடனே சந்தேகிக்க வேண்டாம். ராம், மின் இணைப்பு, பழைய பயாஸ் ஆகியவையே பெரும்பாலும் காரணம். அடுத்து ஊசிகள். இன்டெல் எல்ஜிஏ 1700 வகையில் அவை மதர்போர்டின் சாக்கெட்டிலும், ஏஎம்டி ஏஎம்4 வகையில் செயலியின் அடியிலும் இருக்கும். ஓர் ஊசி வளைந்தாலே ராமின் ஒரு பகுதி தெரியாமல் போகலாம். மாற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை: நன்றாக ஓடும் வேறொரு போர்டில் அதே செயலி. வீட்டில் அந்த வசதி இராது. கணினிக் கடை ஒன்றுக்கு எடுத்துச் செல்வது நல்லது.

ஓடத் தொடங்கியபின் தலைகாட்டும் பழுதே கொடியது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல, மிகை மின்னழுத்தத்தால் நாளடைவில் சிதைந்தன. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது. சிதைந்த செயலியை அது மீட்காது.