கருவிக்கா, நேரத்துக்கா? கற்பித்தல் மானியங்கள் பற்றி மட்டக்களப்பிலிருந்து ஒரு விவாதம்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தலைச் சீராக்கவென்றே போட்டி அடிப்படையில் நிதி வழங்கும் முறை 2003இல் வேரூன்றியது. இளமாணிக் கல்வியின் பொருத்தப்பாட்டையும் தரத்தையும் உயர்த்த உலக வங்கி ஏறத்தாழ 40 மில்லியன் டொலர் கொடுத்த ‘இர்க்யூ’ திட்டத்தில், துறைகள் முன்மொழிவு எழுதிப் பெறும் தர மேம்பாட்டு நிதியம் ஒன்று இருந்தது. 2010இல் மேலும் 40 மில்லியனுடன் வந்த உயர்கல்வித் திட்டம், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம், மென்திறன் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக அபிவிருத்தி மானியங்களையும், அவற்றுக்குப் புறம்பே தரத்துக்கும் புத்தாக்கத்துக்கும் போட்டி மானியங்களையும் அளித்தது. 2017இல் தொடங்கிய ‘அஹெட்’ 100 மில்லியன். கற்றல், கற்பித்தல், மதிப்பீடு, ஆங்கிலத் திறன் என்ற நான்கையும் ஒரே மானியத் தலைப்பில் கட்டியது இதுதான்.

தொகை கூடியிருக்கிறது. திட்டமிடும் மனப்போக்கு மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கற்பித்தல் மாறுவதற்கு முதலில் வேண்டியது ஆசிரியரின் நேரம். மானியமோ விலைமனு கோரி வாங்கக்கூடிய பொருளை நோக்கியே சாய்கிறது. அதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. கணினிக்குப் பற்றுச்சீட்டு உண்டு, பொருட்பதிவேட்டில் இலக்கம் உண்டு, கணக்காய்வாளர் தொட்டுப் பார்க்கலாம். ஒரு விரிவுரையாளர் தன் பாடத்தை மூன்று மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதியதை எந்தப் பதிவேட்டில் இடுவது?

மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்குத் தனியான ஒரு கனம் உண்டு. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமையான பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம், யுத்த காலம் முழுவதையும் தாண்டி வந்த நிறுவனம். இங்கே கற்பித்தலில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க மாற்றமென நான் கருதுவது, மட்டக்களப்புக் கூத்தை நுண்கலைப் பாடத்துக்குள் கொண்டுவந்ததை. பேராதனையில் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றால் தொடங்கிவைத்ததை, அவருடைய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் வந்தாறுமூலையில் கல்வியாகவே விரித்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியவர்களும் மட்டக்களப்பின் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், பாடம் வளாகத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கியது.

கூத்து பழக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ‘சட்டம்’ கொடுப்பார்கள். வட்டக்களரியில், கூத்து ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, தாளக்கட்டும் ஆட்டமும் இரவிரவாகப் பழகப்படும். கால் தேறியபின் சதங்கை அணிதல். அதன்பின் கிழமைக்கூத்து. வாரந்தோறும் ஊரார் பார்த்திருக்க ஆடி, பிழையை அங்கேயே கேட்டுத் திருத்திக்கொள்வது. பின்னர் அடுக்குப் பார்த்தல், இறுதியாக அரங்கேற்றம். இன்றைய கல்வியியலாளர் ‘வளர்நிலை மதிப்பீடு’ என்று பயிற்சிப் பட்டறை வைத்து விளக்குவதைக் கிழமைக்கூத்து எந்த விளக்கமுமின்றிச் செய்துவந்திருக்கிறது. இதில் செலவாகும் பெரும்பகுதி மாதக்கணக்கான நேரம். அந்தச் செலவை ஊர் ஏற்றது: அண்ணாவியாருக்குச் சன்மானம், அரங்கேற்றத்தின் பின் வீடுவீடாக ஆடிச் சேர்க்கும் பணம்.

இதே முறையை ஒரு மானிய விண்ணப்பமாக எழுதிப் பாருங்கள். ‘உபகரணம்’ என்ற தலைப்பில் ஒரு மத்தளமும் சில சோடிச் சதங்கையும் வரும், அவ்வளவுதான். அண்ணாவியாரின் ஐந்து மாத இரவுகளை எந்தத் தலைப்பில் போடுவது? வருகைதரு விரிவுரையாளர் கொடுப்பனவு பட்டத் தகைமையைக் கேட்கும். கூத்து அறிந்தவரிடம் பட்டம் கேட்பது வேடிக்கைதான், ஆனால் நிதிப்பிரிவு மேசையில் வேடிக்கைக்கு இடமில்லை.

கருவியே வேண்டாம் என்பது என் நிலைப்பாடல்ல. 2020இல் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது, ‘லேர்ன்’ எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பு ‘சூம்’ வசதியைத் தந்ததும், பல்கலைக்கழகத் தளங்களுக்கு மாணவர் கட்டணமின்றி நுழைய வழிசெய்ததும் பெரும் உதவி. அந்தத் தேவை வகுப்பிலிருந்து எழுந்தது, கருவி அதன் பின்னால் வந்தது. வரிசை மாறினால் நிலைமை வேறு. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு இருந்த நாட்டில், மின்சாரத்தை நம்பிய வகுப்பறையை மட்டும் புத்தாக்கம் என்று எண்ணுவது சரியா?

ஆரையம்பதியை வைத்து ஒரு மாதிரி சொல்கிறேன். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, எழுவான்கரையிலுள்ள இவ்வூருக்குச் சற்றுத் தெற்கே, வாவியைக் கடந்து மேற்கிலுள்ள படுவான்கரைக்குப் போக 2014 வரை மண்முனைத்துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற வேண்டியிருந்தது. அவ்வாண்டு பாலம் திறந்தது. பாதைக்குக் காத்திருந்த காலத்தையும் பாலம் வந்த காலத்தையும் ஒப்பிட்டு, சந்தை, பாடசாலை, மீன் வியாபாரம் என்ன ஆனதென்று இருகரையிலும் விசாரித்து எழுதுவது புவியியல் மாணவருக்கு ஒரு தவணைக்குரிய பாடம். தேவைப்படுவன பஸ் கூலி, மதியச் சாப்பாடு, விரிவுரையாளர் களத்தில் நிற்கும் நாட்களில் அவருடைய மற்ற வகுப்புகளை எடுக்க ஒரு பதிலாள், மாணவரின் பதிவுகளை வாசித்துத் திருத்தித் தர நேரம். மில்லியன்களில் சிந்திக்கும் நிதியத்துக்கு இது மிகச் சிறிய தொகை. சிறிய தொகை என்பதாலேயே இது முன்மொழிவாகவே வருவதில்லை என்று நினைக்கிறேன்.

நேரத்தைக் கணக்காய்வு செய்ய முடியாது என்பார்கள். ஆனால் பதிலாளுக்கு மணிக்கணக்கில் கொடுப்பனவு செய்யும் படிவம் ஒவ்வொரு பீடத்திலும் ஏற்கெனவே உண்டு. ஆசிரியரின் விடுவிப்பு அந்தப் படிவத்திலேயே பதிவாகிவிடும். விண்ணப்பம் எழுதும் சுமையைக் குறைக்கவும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1972இல் தோன்றிய உயர்கல்வி மேம்பாட்டு நிதியம், முதற்சுற்றில் சில பக்க முன்வரைவை மட்டும் கேட்டு, எண்ணம் தேறிய பிறகே விரிவான விண்ணப்பத்தைக் கேட்டது. ஆங்கிலத்தில் தடித்த ஆவணம் எழுதத் தெரிந்த துறையே வெல்லும் நிலையை இது ஓரளவேனும் தளர்த்தும். தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் கலைப்பீடங்களுக்கு அந்த முன்வரைவைத் தமிழிலேயே ஏற்கவும் எந்தத் தடையும் இருக்கக் கூடாது.

நிலைபேறு பற்றி ஒன்று. ஆஸ்திரேலியா 2004இல் தேசிய கற்பித்தல் நிறுவனம் ஒன்றை அமைத்தது. பெயர் மாறி வளர்ந்த அது 2011இல் மூடப்பட்டது, அதற்குப் பதிலாக வந்த அலுவலகமும் 2016இல் முடிந்தது. பணக்கார நாட்டிலேயே கதை இப்படி. கடன் தவணையோடு வந்து போகும் நம்முடைய திட்டங்களுக்கு நீண்ட ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அடுத்த திட்டத்துக்காகக் காத்திராமல், பல்கலைக்கழகத்தின் சொந்த மீண்டுவரும் செலவினத்திலேயே ஒரு சிறு பங்கைக் கற்பித்தல் நேரத்துக்கென ஒதுக்குவதும், அதைப் பெற்ற விரிவுரையாளரின் பாடத்திருத்தத்தைப் பதவியுயர்வுப் புள்ளியில் ஆய்வுக்கட்டுரைக்கு நிகராகக் கணிப்பதும் மூதவை பரிந்துரைக்க, பேரவை தீர்மானித்துச் செய்யக்கூடியவை. பின்னதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கையிலும் திருத்தம் வேண்டியிருக்கும். முன்னதைக் கிழக்குப் பல்கலைக்கழகம் இந்த ஆண்டே தொடங்கலாம்.