கட்டுமானமா, பிளவா?: ஃபெர்ரோ மீட்சிப் படிகங்களின் டொமைன் கோலம் வாசிக்கப்பட்ட வரலாறு

திறவுச்சொற்கள்: ஃபெர்ரோ மீட்சி, டொமைன், இரட்டைப் படிகம், போரசைட்டு, லியூசைட்டு, மைக்ரோக்ளின்

தகைவு ஏதும் இல்லாத நிலையில் ஒரு படிகம் இரண்டோ அதற்கு மேலோ திசைநிலைகளைக் கொள்ளக்கூடியதாகவும், தகைவைச் செலுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக்கூடியதாகவும் இருப்பின் அது ஃபெர்ரோ மீட்சிப் படிகம் எனப்படும். இவ்வகைப்பாட்டை ஜப்பானிய இயற்பியலாளர் கெய்ட்சிரோ ஐசு 1969இல் முன்வைத்தார். ஃபெர்ரோ காந்தம், ஃபெர்ரோ மின்மம் ஆகியவற்றின் வரிசையில் மூன்றாவதாக இது அமைந்தமையால், இத்துறையின் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்தே தொடங்குவது வழக்கமாயிற்று. ஆயின் இப்படிகங்களின் உள்ளே காணப்படும் டொமைன் கோலம் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே விவாதப் பொருளாகியிருந்தது. அக்கோலத்தை எத்திசையில் வாசிப்பது என்பதே அவ்விவாதத்தின் மையம் என இக்கட்டுரை கருதுகிறது.

போரசைட்டும் லியூசைட்டும் புறவடிவில் கனசதுரச் சீர்மை உடையவை. அச்சீர்மையுள்ள படிகத்தில் ஒளி இரட்டை விலகல் அடையக்கூடாது. எனினும் இவற்றில் அது நிகழ்வதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே டேவிட் புரூஸ்டர் கண்டிருந்தார். வடிவம் ஒன்றைச் சொல்ல, ஒளி வேறொன்றைச் சொல்லிற்று. 1876இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் எர்னஸ்ட் மல்லார் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். குறைந்த சீர்மையுடைய சிறு படிகங்கள் இரட்டைகளாகப் பின்னிப் பிணைந்து உயர்ந்த சீர்மையைப் போலி செய்கின்றன என்பது அது. இவ்வாசிப்பில் கோலம் ஒரு கட்டுமானம். பகுதிகள் முன்னவை, முழுமை பின்னது.

இவ்வரிசையைத் தலைகீழாக்கியது அடுப்பின் வெப்பமே. போரசைட்டுத் தகட்டைச் சூடாக்கியபோது ஏறத்தாழ 265 °C-இல் இரட்டை விலகல் திடீரென மறைவதையும், குளிர்ந்ததும் திரும்புவதையும் மல்லாரே கண்டறிந்தார். 1880களில் கார்ல் கிளைன் லியூசைட்டிலும் இத்தகைய மாற்றத்தைக் காட்டினார். லியூசைட்டின் சான்று கூடுதல் வலுவுடையது. எரிமலைக் குழம்பில் உயர்வெப்பநிலையில் வளரும் கனிமமாதலின், அதன் புறவடிவம் மெய்யான கனசதுர நிலையிலேயே உருவாயிற்று. குளிர்கையில் சீர்மை குறைய, ஒரே படிகம் பல திசைநிலைகளாகப் பிரிந்தது. அவ்வாறாயின் கோலம் போலிசெய்தல் ஆகாது. இழந்த சீர்மையின் தடயம்.

சூடாக்கிப் பார்க்க எளிதில் இடந்தராத மைக்ரோக்ளினில் இச்சிக்கல் நீண்ட காலம் நீடித்தது. தளவிளைவுற்ற ஒளியில் இந்தப் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் ஏறத்தாழச் செங்குத்தாகக் குறுக்கிடும் நுண்கோடுகளுடன் கட்டம்போட்ட துணிபோல் தோன்றும். ஒரு கோட்டுத்தொகுதி ஆல்பைட்டு விதியையும் மற்றது பெரிக்ளின் விதியையும் பின்பற்றுகிறது. ஒற்றைச்சரிவு ஃபெல்ட்ஸ்பாரில் ஓர் ஆடித்தளமும் அதற்குச் செங்குத்தான ஈரடுக்கு அச்சும் உண்டு. முச்சரிவாக மாறுகையில் இரண்டும் இழக்கப்படுகின்றன. இழந்த தளமே ஆல்பைட்டு இரட்டையின் தளமாகவும், இழந்த அச்சே பெரிக்ளின் இரட்டையின் அச்சாகவும் எஞ்சுகின்றன. ஆகவே இன்றைய மைக்ரோக்ளின் முன்பு ஒற்றைச்சரிவாக இருந்தது என்று 1950இல் ஃபிரிட்ஸ் லாவெஸ் வாதிட்டார். சோதனையால் மீட்டெடுக்க அரிதான ஒரு கடந்தகாலத்தை வடிவியலால் நிறுவிய வாதம் இது. இதற்குரிய இடம் துறை வரலாறுகளில் தரப்படவில்லை என்றே தோன்றுகிறது.

இங்கு ஒரு முரண் உண்டு. ஐசுவின் வரையறையைக் கண்டிப்பாகக் கொண்டால் மைக்ரோக்ளின் இவ்வகையில் சேராது. அலுமினிய, சிலிக்கான் அணுக்கள் தத்தம் இடங்களில் ஒழுங்குபட்டு நிலைத்துவிடுவதால், தகைவு அதன் டொமைன்களைப் புரட்டுவதில்லை. கோலம் மிகத் தெளிவாக வாசிக்கப்பட்ட படிகமே வரையறைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

டொமைன் சுவர்கள் எத்தளங்களில் அமையலாம் என்பதை, இழக்கப்பட்ட சீர்மை உறுப்புகளிலிருந்தும் தன்னியல்புத் திரிபிலிருந்தும் 1975இல் சாப்ரியேல் பொதுமுறையாக வருவித்தார். அவர் பகுத்த இருவகைச் சுவர்களுள் ஒன்றின் திசை சீர்மையாலேயே நிலைபெறுகிறது. ஆல்பைட்டுச் சுவர் அத்தகையது. மற்றதன் திசை திரிபின் அளவைப் பொறுத்தது. பெரிக்ளின் சுவர் அவ்வகை. மைக்ரோக்ளினின் பெரிக்ளின் சுவர், அணிக்கோவை பின்னர் மாறியபோதும் உடன் திரும்பாமல், தான் தோன்றிய காலத்துக் கோணத்திலேயே உறைந்து நிற்கிறது.