‘ஆமென்’ எனும் சொல்லின் வரலாறு



கிறிஸ்தவர்கள் தம் ஜெபத்தின் இறுதியில் ‘ஆமென்’ என்கின்றனர். ஃபாத்திஹா சூரா முடிந்ததும் நாம் ‘ஆமீன்’ என்கிறோம். இரண்டும் ஒரே சொல்தானா என நம் இளைஞர்கள் வினவுவதுண்டு. ஃபிர்அவ்னின் நாட்டார் வணங்கிய ‘ஆமுன்’ என்னும் தெய்வத்தின் பெயரே ஆமென் ஆயிற்று என்று எழுதுவோரும் உளர். அது ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு கட்டிய கதை. அவ்வழியில் சென்றால் தமிழின் ‘ஆமாம்’ என்பதையும் அதனோடு சேர்த்துவிடலாம்!

ஆமென் ஹீப்ரு மொழிச் சொல். அலிஃப், மீம், நூன் ஆகிய மூன்றெழுத்துகள் அதன் வேர். உறுதி, நம்பகம் என்பன அதன் பொருள். அரபியில் ஈமான், அமானத், முஃமின் ஆகிய சொற்கள் பிறந்ததும் இவ்வேரிலிருந்தே.

யூதர்களின் வேதத்தில் உபாகமம் 27ஆம் அதிகாரத்தில் லேவியர் பன்னிரண்டு சாபங்களை அறிவிக்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் மக்கள் அனைவரும் ஆமென் கூற வேண்டும். ஆக, இச்சொல் தொடக்கத்தில் பிரார்த்தனையை முடித்துவைக்கும் சொல் அன்று. ஒருவர் மொழிந்ததைக் கேட்டவர் தம்மீது ஏற்றுக்கொள்ளும் சொல். ஏறத்தாழ ஓர் உடன்படிக்கை. அலெக்சாந்திரியா நகரின் யூத ஆலயம் மிகப் பெரியதாயிருந்ததால் ஓதுபவரின் குரல் எட்டாதாம். பணியாளர் துணியை அசைத்துக் காட்ட, மக்கள் ஆமென் கூறுவர் எனத் தல்மூத் குறிப்பிடுகிறது.

யூத வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் இதனைப் பெரும்பாலும் ‘அவ்வாறே ஆகுக’ என்றே எழுதினர். கிறிஸ்தவத் திருச்சபையோ ஹீப்ருச் சொல்லையே வைத்துக்கொண்டது. கி.பி. 150ஐ ஒட்டி ரோமில் வாழ்ந்த ஜஸ்டின், தலைவர் பிரார்த்திக்க மக்கள் ஆமென் கூறி ஏற்பர் எனப் பேரரசருக்கு எழுதி, அதன் பொருளையும் விளக்குகிறார். கிரேக்க எழுத்துகளின் எண் மதிப்பில் ஆமென் என்பது 1, 40, 8, 50 சேர்ந்து 99 ஆகும். எகிப்தியக் கிறிஸ்தவர்கள் கடித முடிவில் அவ்வெண்ணை எழுதினர். நம்மவர் கடிதத் தலைப்பில் இடும் 786 நினைவுக்கு வரலாம். அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா என்பது வேறு விஷயம்.

வியப்பானது இன்னொன்று. கிறிஸ்தவ வேதத்தில் ஈஸா (அலை) அவர்களின் கூற்றுகளாக வரும் இடங்களில் இச்சொல் முடிவிலன்றித் தொடக்கத்தில் வருகிறது. யோவானின் நூலில் 25 இடங்களில் இரட்டித்தே வருகிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய பெயர்ப்பு அங்கு ‘மெய்யாகவே’ என எழுதுவதால், அது ஆமென் என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர் பலரும் அறியார்.

திருக்குர்ஆனில் ஆமீன் என்னும் சொல் இடம்பெறவில்லை, ஹதீஸ்களிலேயே வருகிறது. ஷாஃபிஈகள் சப்தமிட்டும் ஹனஃபிகள் மெதுவாகவும் கூறுவது நாமறிந்ததே. எனினும் சூரா யூனுஸின் 88, 89ஆம் வசனங்களைக் கவனியுங்கள். துஆ கேட்டவர் மூஸா (அலை) ஒருவரே. அல்லாஹ்வின் பதிலோ இருவரின் துஆவும் ஏற்கப்பட்டதாக இருமையில் வருகிறது. அருகில் நின்ற ஹாரூன் (அலை) அவர்கள் ஆமீன் கூறிக்கொண்டிருந்தார்கள் என்பது முஃபஸ்ஸிர்கள் தரும் விளக்கம்.