முள் குத்தினால் சீழ் வைப்பது ஏன்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு லூயி பஸ்தேர் வீட்டு மனிதர் மாதிரி. வெறிநாய் கடித்த சிறுவனை 1885-இல் அவர் பிழைக்க வைத்தது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பாரிஸில் அவருடைய ஆய்வு நிலையத்தில் 1888 முதல் வேலை பார்த்த இலியா மெச்னிகோவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ருஷ்யப் பேரரசில் பிறந்த இந்த விலங்கியல் அறிஞர் 1882-இல் இத்தாலியின் மெசினாவில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். இவர் தனியாக நட்சத்திர மீனின் இளம் உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பது தெரியும். தோட்டத்தில் முள் பறித்து வந்து ஒன்றின் உடம்பில் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன!

நம் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. காயத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது; அதனால் சிவந்து, சுட்டு, வீங்குகிறது. வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. நாம் முகம் சுளிக்கும் சீழ், பெரும்பாலும் அந்தச் சண்டையில் செத்த வெள்ளையணுக்கள்தான். இந்த ஆராய்ச்சிக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் சேர்த்து மெச்னிகோவுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தச் சண்டையில் உடம்பு தோற்றால்? ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயது போலீஸ்காரருக்கு அப்படித்தான் ஆனது. காயம் புரையோடி, முகமெல்லாம் சீழ்க்கட்டி. ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். 1941 பிப்ரவரி 12 அன்று பெனிசிலின் ஊசி போட்டதும் ஒரே நாளில் தேறத் தொடங்கினார். ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்தினார்கள். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்தது. மார்ச் 15-இல் இறந்துபோனார்.

அவருக்குக் கிடைக்காத மருந்து இன்று தெருமுனைக் கடையில் இருக்கிறது. சாதாரண ஜலதோஷத்துக்கும் நாமே வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு இந்த மாத்திரை கேட்காது. கண்டபடி சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் மருந்து இருந்தும் பயன்படாது.

நம் வயதில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, வெள்ளையணுக்களின் வேகம் குறைவு. ஆகவே காலில் சின்னக் காயம் என்றாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் எழுதிய மாத்திரையை நீங்களாகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.